பொன்னாடையைத் திருப்பிக் கேட்டவள்

துண்டுப் பிரசுரம் கதவுத் துவாரத்தால் உள்ளே விழுந்தபோது மரினா மகளின் அறைச் சுவரைப் பிளீச் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிழமைக்கு ஒருதரம் தேய்ப்பாள். அடுத்த கிழமை அதே இடத்தில் கரும்புள்ளிகள் வந்து குந்தியிருக்கும், வாடகை கட்டுவதே தாங்கள்தான் என்பதுபோல.

கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தாளை எடுத்தாள். வழுவழுத்த தாள். ஒரு பக்கம் இங்கிலிஷ், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் கவுன்சிலர் பாலேந்திரா பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் தோளில் ஒரு பெண் பொன்னாடை போர்த்துகிறாள். அந்தப் பெண் மரினாதான். படத்துக்குக் கீழே தடித்த எழுத்து: 'ஹேசல் கோர்ட் அடுக்குமாடி ஈரப் பிரச்சினை தீர்க்கப்பட்டது. குடியிருப்பாளர்கள் நன்றி தெரிவிப்பு.'

மரினா அதைத் திரும்பவும் வாசித்தாள். பிறகு அறைக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்தாள். யன்னலுக்குக் கீழே கருமை, அலுமாரிக்குப் பின்னால் கருமை, கட்டில் தலைமாட்டில் தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பு உரிந்த இடத்திலும் கருமை. கட்டிலில் டயனா இன்ஹேலரைக் கையில் வைத்தபடி சாய்ந்திருந்தாள். பதினான்கு வயது. அந்த மாரியில் மட்டும் இரண்டு தரம் அம்புலன்சில் போய் வந்தவள்.

"என்னம்மா அது?"

"எங்கட பிரச்சினை தீர்ந்துபோச்சாம்."

டயனா தாளை வாங்கிப் பார்த்தாள். "நீங்கள் இதில நல்லாச் சிரிக்கிறீங்கள், அம்மா."

பிள்ளை சும்மாதான் சொன்னது. ஆனால் கொதிநீர் காலில் கொட்டியமாதிரி இருந்தது மரினாவுக்கு.

சிரித்தவள்தான், இல்லையென்று சொல்ல முடியாது. போன வருஷப் பொங்கல் விழாவில், தேவாலய மண்டபத்தில், போனில் இருந்த சுவர்ப் படத்தைப் பாலேந்திராவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்து, உச்சுக்கொட்டி, "தங்கச்சி, நான் பாக்கிறன்" என்றார். அவ்வளவுதான். நான் பாக்கிறன் என்ற அந்த ஒரு சொல்லுக்கே அவளுடைய கண் கலங்கிவிட்டது. தமிழ்ச் சங்கத் தலைவர் ஸ்ரீதரன் தட்டில் இருந்த பொன்னாடையைத் தூக்கி அவள் கையில் வைத்து, "நீங்களே போர்த்துங்கோ, உங்கட குறையைத்தானே கேட்டவர்" என்றார். போர்த்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

எங்கள் ஆட்களின் பழக்கம் அது. செய்து முடித்தவனுக்குப் போர்த்துவதில்லை. செய்கிறேன் என்று வாயால் சொன்னவனுக்குப் போர்த்துகிறோம். அத்திவாரம் வெட்ட முன்னமே குடிபூரல் விருந்து வைத்தமாதிரி. விருந்து சாப்பிட்டவன் பிறகு ஏன் மண்வெட்டியைத் தொடுகிறான்?

திங்கட்கிழமை வீட்டு ஏஜென்டின் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். ஒரு பெண் நல்ல தன்மையாகப் பேசினாள். உங்கள் முறைப்பாடு மூடப்பட்டுவிட்டது, பிரச்சினை முடிந்ததென்று கவுன்சிலரே அறிவித்திருக்கிறார், நீங்களும் நன்றி சொன்ன படம் வந்திருக்கிறதே என்றாள். மரினா மனமுவந்து போர்த்திய சால்வையை எடுத்து அவளுடைய வாயையே கட்டிவிட்டார்கள்.

புருஷன் கொட்வின் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த மனுசனோடு கொழுவினால் நாளைக்கு ஒரு அலுவலுக்கும் போக முடியாது, தேர்தல் வருகிறது, போகிற போக்கில் விடும் என்றார். மரினா சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

பதில் சொன்னது பக்கத்து வீட்டுக் கனகவல்லி. அவருடைய படுக்கையறையும் டயனாவின் அறையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். இந்தப் பக்கத்துக் கருமை அந்தப் பக்கமும் உண்டு. புருஷன் செத்த பிறகு தனியே இருக்கிற மனுசி. வாய்க்கு மட்டும் துணை தேவைப்பட்டதே இல்லை. பிரசுரத்தைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். நீ அந்த ஓநாய்க்குக் குளிருமெண்டு பொன்னாடையும் போர்த்தியிருக்கிறாய்."

"நக்கலடியாதேங்கோ அக்கா. இப்ப என்ன செய்யிறது?"

"போர்த்தின கைதானே. கழட்டு."

கனகவல்லி பகிடியாகத்தான் சொன்னார். மரினா பகிடியாக எடுக்கவில்லை.

சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்யும் றஜீனா தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது இன்னொரு கதையும் சொன்னாள். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் எல்லாரும் லைசன்ஸ் எடுக்க வேண்டும், எடுக்க முதல் இன்ஸ்பெக்டர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு திட்டம் கவுன்சிலில் கிடக்கிறதாம். வேறு பகுதிகளில் வந்துவிட்டது. இங்கே மட்டும் குழுவின் மேசையில் தூங்குகிறது. அந்தக் குழுவில் பாலேந்திராவும் ஒருவர். ஒவ்வொரு கூட்டத்திலும் 'மேலும் ஆராய வேண்டும்' என்று தள்ளிவைப்பவர் அவரேதான். ஏனென்று றஜீனா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவருடைய தேர்தல் விருந்துகளில் முன்வரிசையில் இருந்து சாப்பிடுகிறவர்களில் அரைவாசிப் பேர் இரண்டு மூன்று வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமை நூலகத்தில் பாலேந்திரா ஆட்களைச் சந்திக்கிற நாள். மரினா றஜீனாவையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் பிரசுரத்தை மேசையில் விரித்தாள்.

"இது நானோ, அண்ணை?"

"ஓம் தங்கச்சி, வடிவா விழுந்திருக்கு."

"அப்ப அந்தப் பொன்னாடையைத் திருப்பித் தாங்கோ."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டதும் சிரிப்பு அரைவழியில் நின்றது.

"என்ன பிள்ளை, குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ?"

"நீங்கள் பாக்கிறன் எண்டு சொன்னதுக்குத்தான் போர்த்தினனான். பாக்கேல்லை. பிறகு அது என்னத்துக்கு உங்கட தோளில? என்ர பிள்ளைக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு, அந்தச் சுவர் காஞ்சுபோச்செண்டு நான் நன்றி சொன்னமாதிரி ஊரெல்லாம் தாள் போட்டிருக்கிறியள். நான் பொய் சொல்லேல்லை. என்ர படத்தை வைச்சு நீங்கள் சொன்னியள்."

பின்னால் வரிசையில் நின்ற சோமாலியப் பெண் ஒருத்தி, பக்கத்தில் நின்ற றஜீனாவிடம் என்ன விஷயம் என்று கேட்டாள். றஜீனா இங்கிலிஷில் சொன்னாள். அந்தப் பெண்ணும் ஹேசல் கோர்ட்தான், மேல் மாடி. தன் வீட்டிலும் அதே கருமை, பிரச்சினை தீர்ந்ததா என்று தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்று அவள் உரத்துச் சொன்னாள். வரிசை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. பாலேந்திரா மணிக்கூட்டைப் பார்த்து, இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று எழும்பிவிட்டார்.

அந்தக் கதை அவரைவிட வேகமாக நடந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகளைக் கூட்டிப்போக நிற்கிற தாய்மாரிடம் போனது. தலைமுடி வெட்டுகிற கடைக்குப் போனது. இல்ஃபோர்ட் மீன்கடை வரிசையில், பொன்னாடையைத் திருப்பிக் கேட்டது நீங்களோ என்று அறிமுகமில்லாத மனுசி ஒருத்தி மரினாவைக் கேட்டாள். கேட்டவள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரும் அப்படித்தான் என்றாள்.

அடுத்த கிழமை ஸ்ரீதரன் வந்தார், கையில் புடவைக்கடைப் பை. கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, டயனாவின் படிப்பை விசாரித்து, கடைசியில் பையை மேசையில் வைத்தார்.

"இந்தாங்கோ உங்கட பொன்னாடை. அவர் கோவிக்கேல்லை. இதை விடப் பெரிசா ஒண்டு சொல்லிவிட்டவர். இல்ஃபோர்டில அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தரிட்ட ஒரு பிளாட் இருக்கு. புதுக் கட்டடம், நல்ல காஞ்ச வீடு, வாடகையும் இப்ப கட்டுறதுதான். பிள்ளைக்காகத் தாறாராம். உந்தக் கதையை இதோட விட்டால் சரி."

உள்ளே டயனா இருமினாள். கொட்வின் மரினாவின் முகத்தைப் பார்த்தார். காய்ந்த வீடு என்ற சொல் அந்த அறைக்குள் சாப்பாட்டு வாசம்போல நின்றது. மரினாவுக்கு ஒரு கணம் எல்லாம் தெரிந்தது: வெள்ளைச் சுவர், திறக்கிற யன்னல், மகள் வாயை மூடி நித்திரைகொள்கிற முகம்.

"கனகவல்லி அக்காவுக்கும் வீடு இருக்கோ?" என்று கேட்டாள்.

ஸ்ரீதரன் சிரித்தார். "எல்லாருக்கும் எப்பிடி, பிள்ளை?"

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டாள். கதவு சாத்தியதும் கொட்வின் வெடித்தார். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்த்தியது குறைவு.

"பிள்ளையின்ர மூச்சைவிட உமக்கு உம்மட கோவம் பெரிசோ?"

கத்திபோல இறங்கிய கேள்வி. மரினா எழும்பிப் போய் டயனாவின் கட்டிலை ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். கொட்வின் ஒன்றும் விளங்காமல் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாகக் கட்டிலை ஹோலுக்குள் கொண்டுவந்து, சோபாவைத் தள்ளி, காய்ந்த சுவரோரம் போட்டார்கள். அதன் பிறகுதான் வாய் திறந்தாள்.

"இனிப் பிள்ளை இஞ்ச படுக்கட்டும். அந்த அறைக்குள்ள போகவேண்டாம். நான் பிடிவாதத்துக்குச் சொல்லேல்லை, கேளுங்கோ. அவற்ற ஆளின்ர வீட்டுக்குப் போறம் எண்டு வையுங்கோ. அங்க குழாய் உடைஞ்சால் ஆரிட்டப் போய்ச் சொல்லுவம்? அவர் இரு எண்டால் இருக்கவேணும், எழும்பு எண்டால் எழும்பவேணும். நாங்கள் போன அடுத்த கிழமை இந்த அறைக்குள்ள இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து படுக்கவைப்பாங்கள். அதின்ர தாயும் போய் அவருக்குப் பொன்னாடை போர்த்துவாள். இது உதவியில்லை. எங்களை விலைக்கு வாங்கிறது."

கொட்வின் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போர்வையை நிலத்தில் விரித்துப் படுத்தார்.

மரினா வெறுமையான அறைக்குள் போனாள். கையில் புடவைக்கடைப் பை. ஆத்திரத்தில் பொன்னாடையை உருவி, தலைமாட்டுச் சுவரில் இருந்த ஆணியில் கொளுவிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதைத் திரும்பிப் பார்க்கவும் அவளுக்கு மனமில்லை.

வீடு வேண்டாம் என்று ஸ்ரீதரனுக்கு மறுநாளே சொல்லிவிட்டாள். அவர் அதை வெட்கத்தில் சொன்ன வேண்டாமாக எடுத்துக்கொண்டார். பொன்னாடையை வாங்கி வைத்துக்கொண்டவள் சமாதானமாகிவிட்டாள் என்பது அவருடைய கணக்கு.

சில கிழமை கழித்து டயனாவின் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றைத் தேடி மரினா அந்த அறையைத் திறந்தாள். மூக்கைப் பொத்தவேண்டியிருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் பொன்னாடை கண்ணில் பட்டது. சந்தன நிறச் சால்வை, தங்கக் கரை. சுவரோடு ஒட்டியிருந்த பக்கம் முழுக்கக் கருமிளகைக் கொட்டியமாதிரிப் புள்ளி. கரையில் பச்சையாய் ஒரு பூஞ்சணம் படர்ந்திருந்தது. கையில் எடுத்தாள், ஈரம், கனம், புளித்த நாற்றம்.

அவள் கத்திக் கூப்பிடவில்லை. நேரே போய்க் கனகவல்லியின் கதவைத் தட்டி, சால்வையை விரித்துக் காட்டினாள். கனகவல்லிக்குப் பகிடி வரவில்லை.

"இந்தச் சீலைக்கு நாலைஞ்சு கிழமை," என்றார். "பிள்ளை மூண்டு வருஷம் இதுக்குள்ள படுத்தது."

அன்றைக்கே கனகவல்லி புருஷனின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துத் தன் பக்கச் சுவரில் தொங்கவிட்டார். மேல் மாடிச் சோமாலியப் பெண் தலையணை உறை ஒன்றை. கீழே இருந்த போலந்துக் குடும்பம் பிள்ளையின் பள்ளிச் சேர்ட்டை. றஜீனா தன் கந்தோருக்கு வருகிறவர்களிடம் சொன்னாள். தமிழ்ப் பள்ளி வாசலில் நின்ற தாய்மார் தங்கள் தங்கள் தெருக்களுக்குக் கொண்டுபோனார்கள். முறைப்பாடு எழுது என்றால் பயப்படுகிற சனம், ஒரு வெள்ளைத் துணியை அலுமாரிக்குப் பின்னால் கொளுவப் பயப்படவில்லை. அதற்கு இங்கிலிஷ் தேவையில்லை. விசாவும் தேவையில்லை.

மே மாதத் தேர்தலுக்கு முன்னால் சங்கம் வேட்பாளர் சந்திப்பு வைத்தது. அதே தேவாலய மண்டபம், குத்துவிளக்கு, தட்டில் மடித்துவைத்த பொன்னாடைகள், பின்னால் வடையும் தேத்தண்ணியும். மேடையில் மூன்று கட்சி ஆட்கள், நடுவில் பாலேந்திரா. மண்டபம் வழக்கத்துக்கு மாறாக நிறைந்திருந்தது. தமிழரல்லாத முகங்களும் நிறைய. சனம் இவ்வளவு ஆர்வமாக வந்திருக்கிறது என்று ஸ்ரீதரன் ஒலிவாங்கியில் பெருமைப்பட்டார். பிறகு, நமது சகோதரர் பாலேந்திராவுக்கு ஹேசல் கோர்ட் மக்கள் சார்பில் திருமதி மரினா கொட்வின் பொன்னாடை போர்த்துவார் என்று அறிவித்தார்.

மரினா எழும்பி மேடைக்குப் போனாள். ஸ்ரீதரன் தட்டை நீட்டினார். அவள் தட்டைத் தொடவில்லை. தன் தோள்பையைத் திறந்து, பொலித்தீன் பையில் கட்டியிருந்த சால்வையை எடுத்தாள். கட்டு அவிழ்ந்ததும் முன்வரிசை மூக்கைப் பிடித்தது.

"வாங்கோ அண்ணை," என்றாள். "போர்த்திறன்."

பாலேந்திரா கதிரையில் இருந்து எழும்பியவர், ஒரு அடி பின்னால் வைத்தார்.

"என்ன தங்கச்சி இது, ஊத்தைச் சீலை?"

"உங்கட சீலைதான். நீங்கள் திருப்பி அனுப்பினது. என்ர பிள்ளையின்ர தலைமாட்டில கொளுவி வைச்சனான். ஏன் பின்னுக்குப் போறியள்? பிரச்சினை தீர்ந்துபோச்செண்டு தாள் அடிச்சது நீங்கள். தீர்ந்த சுவரில கிடந்த சீலைதானே, தோளில போடப் பயமோ?"

சால்வையை விரித்துக் காட்டப் பார்த்தாள். கனத்தில் ஒரு தலைப்பு கையை விட்டு நழுவி நிலத்தைத் தொட்டது. மண்டபத்தின் பின்கதவடியில் பஸ் யூனிபோர்மோடு ஒரு ஆள் நின்றிருந்தார். ஷிப்ட் முடிந்து நேரே வந்தவர். அவர் கதிரைகளுக்கு நடுவால் நடந்து வந்து, மேடையேறி, விழுந்த தலைப்பைத் தூக்கிப் பிடித்தார். கொட்வினும் மரினாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரிக்க, புள்ளி விழுந்த சால்வை மண்டபம் முழுக்கத் தெரிந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. கனகவல்லி எழும்பினார், கையில் வேட்டி. அவருக்குப் பின்னால் தலையணை உறை. பள்ளிச் சேர்ட். மேசைத்துணி, குழந்தைப் போர்வை, ஆண்கள் உடுக்கிற சாரம். வரிசை வரிசையாக எழும்பினார்கள். தங்கள் துணியைத் தங்களுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாற்றத்தில் பின்னால் இருந்த வடையை ஒருவரும் சீண்டவில்லை.

பாலேந்திரா ஒலிவாங்கியை வாங்கினார். தமிழர் ஒற்றுமை, முப்பது வருஷச் சேவை, இது அரசியல் எதிரிகள் செய்கிற வேலை என்று தொடங்கினார்.

"லைசன்ஸ்," என்றார் கனகவல்லி, நின்ற இடத்தில் இருந்தே. "அதைப் பற்றிக் கதையுங்கோ, தம்பி. ஓமோ இல்லையோ?"

அது ஆராயப்பட வேண்டிய விஷயம் என்று அவர் சொல்ல, மண்டபம் ஒரு சத்தம் போட்டது; அடக்கி வைத்த மூச்சு எல்லாம் ஒன்றாக வெளியே வந்த சத்தம். மேடையில் இருந்த மற்ற இரண்டு கட்சிக்காரரும் போட்டிபோட்டுக்கொண்டு, நாங்கள் ஆதரிக்கிறோம் என்றார்கள். நேற்றுவரை அவர்களுக்கும் அந்தத் திட்டத்தின் பெயர் தெரிந்திருக்காது. மரினாவுக்கு அவர்கள் மேலும் ஆத்திரம்தான் வந்தது. பாலேந்திரா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எதிரே நின்ற துணிகளைப் பார்த்தார். ஒவ்வொரு துணிக்கும் பின்னால் ஒரு வாக்கு நின்றது.

"ஓம்," என்றார். "நானே கொண்டுவாறன்."

"எப்ப?" என்றாள் மரினா.

"பாக்கிறன்..."

"பாக்க வேண்டாம். திகதி சொல்லுங்கோ. முந்தியும் நீங்கள் பாத்தனீங்கள்."

தேர்தல் முடிந்த கையோடு வரும் முதல் கூட்டத்தில் என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. றஜீனா அதைப் போனில் பதிந்தாள். ஒருத்தியல்ல, மண்டபம் முழுக்கப் போன்கள் உயர்ந்திருந்தன. அன்றைக்கு ஒரு தோளிலும் பொன்னாடை ஏறவில்லை. தட்டு மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பிப் போனது.

பாலேந்திரா வென்றார், முந்தினமாதிரியல்ல, நூலிழையில். முதல் கூட்டத்தில் அவரே பிரேரணையைக் கொண்டுவந்தார். கொண்டுவராமல் என்ன செய்வார்? பார்வையாளர் இருக்கை முழுக்க ஹேசல் கோர்ட் சனம், மடியில் ஆளுக்கொரு துணி. திட்டம் நிறைவேறியது. ஆடி கடந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் இருந்த ஈரம் அளக்கிற கருவியைச் சுவரில் வைத்தார். அது விடாமல் கத்தியது. வீட்டை வாடகைக்கு விட்ட கொம்பனி, இத்தனை வருஷம் எட்டியும் பார்க்காத கொம்பனி, இரண்டு கிழமைக்குள் ஆள் அனுப்பிச் சுவர்ப் பூச்சைக் கொத்தத் தொடங்கியது. கனகவல்லி தன் பக்கத்தில் நின்று வேலையாட்களுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். கொத்திய சுவருக்குள்ளே ஓடிய குழாய் பல வருஷமாகக் கசிந்திருந்தது. ஒரு நாள் வேலை. அதற்குத்தான் பிள்ளை இரண்டு தரம் அம்புலன்சில் போனது.

அதை நினைக்க நினைக்க மரினாவுக்கு ஆறவில்லை. வென்றோம் என்று றஜீனா கட்டிப்பிடித்தபோதும் ஆறவில்லை.

அந்தக் கிழமையே ஸ்ரீதரன் போன் எடுத்தார். குரலில் தேன். எல்லாம் நல்லபடி முடிந்ததுதானே, கவுன்சிலருக்கு ஒரு பாராட்டு விழா வைக்க யோசிக்கிறோம், நீங்களே வந்து போர்த்தினால் பொருத்தமாக இருக்கும், அவரும் மனதில் ஒன்றும் வைத்திருக்கவில்லை என்றார்.

"அவர் என்னத்தை மனசில வைக்கிறது, அண்ணை? வைக்கவேண்டியது நாங்கள்."

"சரி சரி, பழசை விடுங்கோ. அப்ப திகதியைப் போடட்டோ?"

"சுவர் காயட்டும்," என்றாள் மரினா. "காஞ்சாப் பிறகு கை வைச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்."

போனை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். புதுச் சாந்தின் மணம். யன்னல் திறந்திருந்தது. கட்டில் இன்னும் ஹோலில்தான். தலைமாடு இருந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து, சுவரில் அழுத்தி வைத்தாள்.

ஈரமாகத்தான் இருந்தது.